ஆக்சஸ் 97 கோப்பைப் புது ஆக்சஸுக்கு மாற்றுவது: தமிழ்ப் பெயர்கள், ஜிஎஸ்டி இன்வாய்ஸ் எல்லாம் உள்ளது

கிடங்கு_கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் மளிகை மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றின் ஸ்டாக், இன்வாய்ஸ், டெலிவரி சீட்டு மூன்றும் ஒரே ஆக்சஸ் 97 (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) கோப்பில் இருக்கின்றன. எம்டிபி வகைக் கோப்பு, 180 எம்பி. விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஓடுகிறது. இன்னும் மூன்று பேர் நெட்வொர்க் வழியாகத் திறக்கிறார்கள். டெலிவரி சீட்டில் பொருள் பெயர் தமிழில் அச்சாக வேண்டும், கிடங்கில் அதைப் பார்த்துத்தான் மூட்டை எடுக்கிறார்கள். பழைய தமிழ் எழுத்துரு, யூனிகோடு இல்லை.

புதுக் கணினிகளில் ஆக்சஸ் 2021 போட்டாயிற்று. கோப்பைத் திறந்தால் பழைய பதிப்பில் உருவானது, திறக்க முடியாது என்று நின்றுவிடுகிறது. எந்த வரிசையில் செய்தால் தரவு சேதமாகாது? ஃபார்ம், ரிப்போர்ட், மாட்யூல்களும் வேண்டும், டேபிள் மட்டும் போதாது.

—

தேக்கா_தட்டச்சு:

ஆக்சஸ் 2016 வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்து ஒருமுறை திறந்து, சேவ் ஆஸ் கொடுத்து ஏசிசிடிபி என்ற புது வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அவ்வளவுதான்.

—

ஜூரோங்_மேற்கு:

2016-இல் முடியாது. 97 வடிவத்தைத் திறக்கும் வசதி 2013-லேயே எடுக்கப்பட்டுவிட்டது; 2016, 2019, 2021, 365 எல்லாவற்றிலும் அதே கதைதான். நடுவில் ஒரு படி வேண்டும்: ஆக்சஸ் 2003, 2007, 2010 மூன்றில் ஒன்று. இவை 97-ஐயும் படிக்கும், இன்றைய ஆக்சஸ் ஏற்கும் வடிவத்திலும் எழுதும்.

முதல் வேலை பழைய கணினியிலேயே. எல்லாரையும் வெளியேறச் சொல்லி, எல்டிபி பூட்டுக் கோப்பு மறைந்ததா என்று பாருங்கள். மறைந்த பிறகு எம்டிபியை நகலெடுத்து, இனி நகலில் மட்டும் கை வையுங்கள். ஆக்சஸ் 97-இல் நகலை ரிப்பேர், பிறகு காம்பாக்ட். அடுத்து ஏதாவது ஒரு மாட்யூலைத் திறந்து டீபக் மெனுவில் கம்பைல் அண்ட் சேவ் ஆல் மாட்யூல்ஸ். இதில் பிழை வந்தால் அங்கேயே சரிசெய்ய வேண்டும். 97-இல் கம்பைல் ஆகாத கோடு (நிரல்) மாற்றத்துக்குப் பின் தானாகச் சரியாகாது. பழைய பிழையா புதுப் பிழையா என்று பிரிக்கவும் முடியாமல் போகும்.

அந்த நகலை 2003-இல் மாற்றுவதையே நான் சொல்வேன். டூல்ஸ், டேட்டாபேஸ் யுடிலிட்டீஸ், கன்வர்ட் டேட்டாபேஸ், அதில் 2002-2003 வடிவம். வேறு பெயர் கொடுங்கள். 2003 கிடைக்காமல் 2010 இருந்தால், திறந்ததுமே கோப்பை மேம்படுத்தவா என்று கேட்கும். ஆம் சொல்லிப் புதுப் பெயரில் சேமியுங்கள். 2003 வழியில் வந்த எம்டிபியை ஆக்சஸ் 2021-இல் திறந்து, சேவ் ஆஸ் கொடுத்து ஏசிசிடிபி ஆக்குங்கள்.

கோப்பு வீங்கினால் பதற வேண்டாம். 97-இன் ஜெட் 3.5 எஞ்சின் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் வைத்தது, ஜெட் 4 யூனிகோடில் இரண்டு வைக்கிறது. உச்சவரம்பும் 1 ஜிபியிலிருந்து 2 ஜிபி ஆகிவிட்டதால் 180 எம்பிக்கு இடப் பிரச்சினை இல்லை.

இரண்டு விஷயங்களை முன்னாலேயே பார்த்துவிடுங்கள். திறக்கும்போது பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கிறதா? கேட்டால் எம்டிடபிள்யூ என்ற வொர்க்குரூப் கோப்பும் கூடவே வர வேண்டும். ஏசிசிடிபி அந்தப் பாதுகாப்பை ஏற்காது. அட்மின்ஸ் குழுவில் உள்ளவராக நுழைந்து உரிமைகளைத் தளர்த்திய பிறகே மாற்ற வேண்டும். இன்னொன்று, கையிலுள்ளது எம்டிஇ கோப்பா? அதில் மூலக் கோடு கிடையாது, எந்தப் பதிப்பாலும் மாற்ற முடியாது. மூல எம்டிபியைத் தேடி எடுத்தாக வேண்டும்.

இடைப் பதிப்பு எதுவுமே கிடைக்காவிட்டாலும் டேபிள்களைக் காப்பாற்றலாம். விண்டோஸ் 10, 11-இல் 32 பிட் ஜெட் 4 இன்னும் இருக்கிறது. சிஸ்வாவ்64 ஃபோல்டரில் உள்ள சிஸ்கிரிப்ட்டை வைத்து ஒரு சிறு விபிஸ்கிரிப்ட் ஓட்டுங்கள்: டிஏஓ டாட் டிபிஎஞ்சின் டாட் 36 (டிஏஓ என்பது கோடிலிருந்து டேபிள்களைக் கையாளும் லைப்ரரி) என்ற பொருளை உருவாக்கி, காம்பாக்ட்டேட்டாபேஸ் அழைப்பில் மூலக் கோப்பு, புதுக் கோப்பு, மூன்றாம் இடம் காலி, நான்காவதாக வடிவ எண் 64. ஜெட் 4 கோப்பு வந்துவிடும். ஆனால் இந்த வழியில் ஃபார்மும் ரிப்போர்ட்டும் பிழைக்காது. அதனால் இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

—

அட்டவணை_விபிஏ:

வடிவம் மாறிய பின் கோடு. ஆல்ட்+எஃப்11, டூல்ஸ், ரெஃபரன்சஸ். பட்டியலில் 'மிஸ்ஸிங்' என்று எது தொடங்கினாலும் டிக்கை எடுங்கள். ஒரே ஒரு ரெஃபரன்ஸ் விடுபட்டிருந்தாலும் லெஃப்ட், டேட், ஃபார்மட் போன்ற சாதாரண ஃபங்ஷன்கள்கூடப் 'புராஜெக்ட் அல்லது லைப்ரரி காணவில்லை' என்று விழும். பிழை காட்டும் வரியில் குற்றம் இருக்காது, அங்கே தேடி நேரத்தை விடாதீர்கள்.

டிஏஓ 3.51-க்குப் பதில் ஆபீஸ் 16.0 ஆக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சின் லைப்ரரி இருக்க வேண்டும். கூடவே அதே வேலையைச் செய்யும் ஏடிஓ லைப்ரரியும் இருந்தால், வெறுமனே ரெக்கார்ட்செட் என்று அறிவித்த மாறி எந்த லைப்ரரிக்குப் போகும் என்பது பட்டியல் வரிசையைப் பொறுத்தது. 13-ஆம் எண் டைப் மிஸ்மாட்ச் பெரும்பாலும் இதனால்தான். எல்லா இடத்திலும் டிஏஓ டாட் ரெக்கார்ட்செட் என்று முழுப் பெயர் போடுங்கள்.

ஆபீஸ் 2019 முதல் சும்மா நிறுவினால் 64 பிட்தான் வரும். விண்டோஸ் ஏபிஐயை அழைக்கும் டிக்ளேர் வரிகள் அதில் கம்பைல் ஆகாது. பிடிஆர்சேஃப் சேர்த்து, ஹேண்டில், பாயிண்டர் வரும் இடங்களை லாங்பிடிஆர் ஆக்க வேண்டும். பழைய ஓசிஎக்ஸ் கட்டுப்பாடுகள் இருந்தால் 32 பிட் ஆபீஸை எடுத்துவிட்டுப் போங்கள், உங்கள் அளவு கோப்புக்கு 64 பிட்டால் எந்த லாபமும் இல்லை. ஒரே கணினியில் இரண்டையும் கலக்க முடியாது. ஃபார்மில் காலண்டர் கட்டுப்பாடு இருந்தால் அது 2010-லேயே நீக்கப்பட்டது. டெக்ஸ்ட் பாக்ஸில் தேதி வடிவம் கொடுத்தாலே இப்போது சின்னக் காலண்டர் வந்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடும் இடம் ரவுண்ட். ஆக்சஸ் 97-இல் ரவுண்ட் என்று ஒரு ஃபங்ஷனே கிடையாது. அதனால் அப்போது எழுதியவர் தானே ஒன்றை எழுதி மாட்யூலில் வைத்திருப்பார். இப்போதுதான் ஆக்சஸிலேயே இருக்கிறதே என்று அதை அழித்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரவுண்ட் சரிபாதியை இரட்டைப்படைக்குத் தள்ளும். 12 வெள்ளி 50 காசுக்கு 9 விழுக்காடு 1.125. பழைய ஃபங்ஷன் வழக்கமான முறையில் 1.13 தரும், புதியது 1.12 தரும். ஒரு இன்வாய்ஸில் ஒரு காசு. மூன்று மாத மொத்தத்தில் கணக்கு இடிக்கும்போது எங்கே தேடுவீர்கள்? ரிப்ளேஸ், ஸ்பிளிட் ஆகியவையும் அப்படியே, 97-இல் இல்லாதவை. இவற்றைப் பெயர் மாற்றி வைத்துக்கொண்டு, அழைக்கும் இடங்களையும் மாற்றுங்கள்.

கடைசியாக, கோப்பை இரண்டாகப் பிரியுங்கள். டேபிள்கள் சர்வரில் ஒரு கோப்பு. ஃபார்ம், ரிப்போர்ட், கோடு ஒவ்வொருவர் கணினியிலும் ஒரு நகல். டேபிள் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் எல்லாருக்கும் உருவாக்கவும் அழிக்கவும் உரிமை வேண்டும், இல்லாவிட்டால் பூட்டுக் கோப்பை எழுத முடியாமல் முதலில் திறந்தவரோடு நின்றுவிடும். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் டேபிள் கோப்பை வைக்கவே கூடாது. முன்பக்கக் கோப்பு இருக்கும் ஃபோல்டரை டிரஸ்டெட் லொகேஷனில் சேர்த்தால்தான் கோடு ஓடும்.

—

வரிவடிவம்:

தமிழ்ப் பெயர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதுதான் இதில் கடினமான பகுதி.

ரிப்போர்ட்டை டிசைன் வியூவில் திறந்து, பொருள் பெயர் பெட்டியின் எழுத்துருப் பெயரைப் பாருங்கள். டிஎஸ்சி என்று தொடங்கினால் திஸ்கி, டேப் என்றால் டேப், டேம் என்றால் டேம். மூன்றும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியேற்ற முறைகள். ஒவ்வொன்றுக்கும் குறியெண்கள் வேறு, தவறான அட்டவணையை வைத்து மாற்றினால் திரும்பி வர வழியில்லை. பாமினி போல ஆங்கில விசைகளின் மேலேயே தமிழ் வரைந்த எழுத்துரு என்றால் இன்னும் கவனம்: 'கிலோ' என்பதற்கு ஆங்கிலத்தில் அடித்த இரண்டெழுத்தும் தமிழாக மாறிவிடும். திஸ்கியில் அந்தத் தொல்லை இல்லை, கீழ்ப்பாதி ஆங்கிலமாகவே இருக்கும்.

ஜூரோங்_மேற்கு சொன்ன மாற்றத்துக்குப் பிறகே இதைச் செய்யுங்கள், முன்னால் அல்ல. ஜெட் 3.5-க்கு யூனிகோடு தெரியாது, கேள்விக்குறிகள்தான் சேமிக்கப்படும். மாறிய கோப்பில் எழுத்துருவை எடுத்துவிட்டுப் பார்த்தால் 'தமிழ்' என்ற சொல் முக்கால் பின்னக் குறியில் தொடங்கும் ஐரோப்பிய எழுத்துக் கோவையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது என்று பொருள்.

பழைய புலத்தின் மேலேயே எழுதாதீர்கள். பக்கத்தில் புதுப் புலம் ஒன்று, பழையதன் இரு மடங்கு நீளத்துக்கு. காரணம், திஸ்கியில் 'து' ஓர் இடம், 'ப்' ஓர் இடம். யூனிகோடில் இரண்டிரண்டு. 'துவரம் பருப்பு' இடைவெளியோடு 9 இடத்திலிருந்து 14 ஆகும். 30 இடப் புலத்தில் நீளமான பெயர்கள் 3163 பிழையில் நிற்கும்.

128 முதல் 255 வரை 128 வரிசைகள் கொண்ட ஒரு டேபிள்: பழைய எண், அதற்கான யூனிகோடு எழுத்து. ஒரு ஃபங்ஷன் பெயரை எழுத்தெழுத்தாக எடுத்து, ஏஎஸ்சி ஃபங்ஷனால் எண்ணைக் கண்டு டேபிளில் பார்க்கட்டும். ஆனால் நேருக்கு நேர் மாற்றினால் போதாது. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது: 'கொத்தமல்லி' 166, 184, 161 என்று தொடங்கும், அதாவது முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், பின் ஒகரக் குறி ஒன்றே. ஆகவே 166, 167, 168 வந்தால் கையில் பிடித்து வைத்து, அடுத்த மெய்யை எழுதிய பின் இறக்க வேண்டும். அதற்கு அடுத்து 161 இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒகரமோ ஓகாரமோ ஆக்க வேண்டும். என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியையும் பயன்படுத்தலாம், ஆயிரக்கணக்கான வரிசைகளை வெளியே எடுத்து உள்ளே போடும்போது பொருள் எண்ணும் கூடவே போக வேண்டும்.

எந்த வழியில் மாற்றினாலும் முடிவில் ஒரு சோதனை. கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக நின்றுவிட்டால் திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. சிஎச்ஆர்டபிள்யூ ஃபங்ஷன் தரும் யூனிகோடு எழுத்துகளில் 3014-உம் 3006-உம் அடுத்தடுத்து வந்தால் 3018. 3015-உம் 3006-உம் வந்தால் 3019. பைனரி ஒப்பீட்டில் ரிப்ளேஸ் செய்யுங்கள்.

நம் ஊர் ஆபீஸ்களில் இன்னொன்று. சீன மென்பொருளுக்காக விண்டோஸின் யூனிகோடு அல்லாத மொழி சீனமாக வைக்கப்பட்ட கணினிகள் உண்டு. அதில் ஏஎஸ்சி ஃபங்ஷன் தவறான எண் தரும். இந்த வேலைக்கு மட்டும் அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்து தொடங்குங்கள்.

கோடுக்குள் தமிழ் எழுத்து அடிக்காதீர்கள், விபிஏ எடிட்டர் கேள்விக்குறிதான் காட்டும். செய்திகளை ஒரு டேபிளில் வைத்து ஃபார்மில் காட்டுங்கள். ரிப்போர்ட்டில் நிர்மலா யூஐ போட்டால் வரி உயரம் கூடும், பெட்டியை உயர்த்தாவிட்டால் 'கு', 'ழு' எழுத்துகளின் அடி வெட்டுப்படும். கிடங்கில் படிப்பவருக்கு அந்த அடிதான் அடையாளம்.

—

கிடங்கு_கணக்கு:

மிக்க நன்றி. எழுத்துரு டிஎஸ்சி என்றே தொடங்குகிறது, கடவுச்சொல் கேட்பதில்லை. இன்வாய்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன், வரி விகிதம் பெட்டிக்குள்ளேயே எண்ணாக எழுதியிருக்கிறது. பழைய இன்வாய்ஸை மறுபடி அச்சிட்டால் இன்றைய விகிதம் வருமே?

—

ஜூரோங்_மேற்கு:

வரும், அது தவறான இன்வாய்ஸ். விகிதத்துக்குத் தனி டேபிள் போடுங்கள், தொடங்கும் தேதி ஒரு புலம், விகிதம் ஒரு புலம்: 1-4-1994 முதல் 3, 1-1-2003 முதல் 4, 1-1-2004 முதல் 5, 1-7-2007 முதல் 7, 1-1-2023 முதல் 8, 1-1-2024 முதல் 9. இன்வாய்ஸ் தேதிக்குச் சமமான அல்லது அதற்கு முந்தைய தேதிகளில் பெரியதை டிமேக்ஸ் ஃபங்ஷன் எடுக்கட்டும். கோடில் எஸ்க்யூஎல் எழுதும்போது தேதியை மாதம் முதலில் வைத்து எழுதுங்கள். நம் வழக்கப்படி நாளை முன்னால் வைத்தால் 1-7-2007 என்பதை ஜனவரி 7 என்று எடுத்துக்கொள்ளும், பிழையும் காட்டாது. 12-க்கு மேற்பட்ட நாட்கள் சரியாக வருவதால் சோதனையில் தப்பிவிடும்.

அஞ்சல் குறியீட்டுப் புலம் நம்பராக இருந்தால் டெக்ஸ்ட் ஆக்குங்கள். 0-வில் தொடங்கும் நகரமையக் குறியீடுகள் 5 இலக்கமாக நிற்கும். ஃபார்மட் கொடுத்து 6 இலக்கமாக நிரப்பிக்கொள்ளலாம். தொலைபேசிக்கு 7 இலக்க இன்புட் மாஸ்க் இன்னும் இருந்தால் நீக்குங்கள். வாடிக்கையாளர் அடையாள அட்டை எண் புலம் ஏதாவது இருந்தால், 1-9-2019 முதல் சட்டத் தேவையோ ஆளை உறுதியாக அடையாளம் காணும் தேவையோ இல்லாமல் அதை வைத்திருக்கக் கூடாது. புதுக் கோப்புக்குள் கொண்டுவராதீர்கள்.

சரிபார்க்க, ஏற்கெனவே கணக்குக் கொடுத்த ஒரு காலாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாத விற்பனை மொத்தத்தையும் வரி மொத்தத்தையும் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, ஜிஎஸ்டி எஃப்5 படிவத்தில் 1-ஆம், 6-ஆம் கட்டங்களில் போட்ட எண்ணோடு காசு வரை ஒப்பிடுங்கள். ஒரு காசு இடித்தாலும் முதலில் ரவுண்டைப் பாருங்கள். எக்ஸ்பி கணினியை அழிக்க வேண்டாம், கேபிளை மட்டும் கழற்றி வையுங்கள். பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும், மூல எம்டிபி அதில் ஒன்று.