ஒரே தெருவில் ஆறு கிராஃப்ட் பீர் பப்கள்: எந்த வரிசையில் செல்வது?

கேள்வி:
வணக்கம். சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீருக்குப் பெயர்பெற்ற ஒரு தெருவில் அடுத்தடுத்து அமைந்துள்ள ஆறு பப்களுக்கும் நண்பர்கள் நால்வர் ஒரே மாலையில் சென்று வரத் திட்டமிட்டுள்ளோம். போதை எங்கள் நோக்கமன்று. ஒவ்வொரு வகையின் சுவையையும் பிரித்தறிந்து பருகவே விரும்புகிறோம். ஆனால், இரண்டு மூன்று பப்களைக் கடந்தபின் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும் என்கிறார்கள். தெருவின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிப்பது சரியா?

மறுமொழி 1:
வேண்டாம். கடைகள் அமைந்திருக்கும் வரிசைக்கும் நாக்குக்கு ஏற்ற வரிசைக்கும் தொடர்பே இல்லை. அன்றைக்கு எந்தப் பப்பில் என்ன பீர் ஊற்றுகிறார்கள் என்பதை முன்கூட்டியே பார்த்து, 4 முதல் 5 சதவீத ஆல்கஹால் கொண்ட பில்ஸ்னரோ (வெளிர்பொன் நிற இலகு பீர்) கோதுமை பீரோ கிடைக்கும் இடத்தில் தொடங்குங்கள். வறுத்த மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) காய்ச்சும், 10 சதவீதத்தை ஒட்டிய கரும் பீரான இம்பீரியல் ஸ்டவுட்டைக் கடைசிக்கு வையுங்கள். அந்த வறுத்த மால்ட்டின் கசப்பு நாவில் படிந்தபின் பில்ஸ்னரைக் குடித்தால் அதன் மென்மையான மணம் தெரியவே தெரியாது. இதற்காகத் தெருவில் முன்னும் பின்னும் நடக்க நேர்ந்தாலும் நல்லதே.

மறுமொழி 2:
மேலே சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான், ஏனெனில் ஆல்கஹால் அளவை மட்டும் வைத்து வரிசையை முடிவு செய்ய முடியாது. மங்கலான ஐபிஏ (ஹாப்ஸ் என்ற பூ மிகுதியாகச் சேர்த்த பீர்), தெளிவான வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ இரண்டும் பெரும்பாலும் 6, 7 சதவீதத்தில்தான் இருக்கும். ஹாப்ஸை நெடுநேரம் கொதிக்கவைக்கும்போது அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தருகின்றன. கொதி அடங்கியபின் சேர்க்கும் ஹாப்ஸோ பெரும்பாலும் பழ மணத்தையே தருகிறது. மங்கலான வகையில் இந்தப் பின்சேர்ப்பே மிகுதி என்பதால் இரண்டு ஐபிஏக்களில் அதை முதலில் பருகுங்கள். உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்த்த கோசே போன்ற புளிப்பு பீரை, ஆல்கஹால் குறைவு என்பதற்காகத் தொடக்கத்தில் வைக்காமல், ஐபிஏவுக்கும் ஸ்டவுட்டுக்கும் இடையே வைப்பேன்; கசப்பேறிய வாயை அந்தப் புளிப்பு துடைத்துவிடும். ஸ்டவுட்டைச் சில்லென்று குடிக்காமல், 10 டிகிரியைத் தாண்டும்வரை மேசையில் விட்டுவையுங்கள்.

மறுமொழி 3:
வரிசையைவிட அளவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 5 சதவீத பீர் 330 மில்லியில் ஏறத்தாழ 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 10 சதவீதமானால் 26 கிராம். உடல் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றுவது பொதுவாக 7 முதல் 10 கிராம்தான். ஆறு பப்களிலும் முழுக் கிளாஸ் வாங்கினால், பின்பாதியில் நாக்கும் நினைவும் எதையும் பிரித்தறியா. 150 மில்லிக்கு மிகாத சுவைக் கிளாஸ் கேளுங்கள், இல்லையேல் ஒரு கிளாஸை இருவர் பகிருங்கள்; அப்படியும் ஒருவருக்கு மொத்தம் 45 கிராமை நெருங்கும். ஆகவே நடுவே வயிறார உண்ணுங்கள், ஒவ்வொரு பப்பிலும் தண்ணீர் குடியுங்கள், வண்டியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பில்ஸ்னர் கிடைக்கும் பப் தெருவின் நடுவில் இருக்கிறது, அங்கேயே தொடங்குகிறோம். இம்பீரியல் ஸ்டவுட்டை ஒரே கிளாஸாக வாங்கி நால்வரும் பகிர்ந்துகொள்வோம்.