தனியாக ஆடும் காட்டுப் பயண ஆட்டத்தில் காடு அசையவே மாட்டேன் என்கிறது: விதிகளில் என்ன மாற்றலாம்?

சேலத்துப் பகடை எழுதியது:

வணக்கம். மினியேச்சர் உருவங்களை வைத்து மேசையில் ஆடும் ஆட்டங்களை நான் தனியாகத்தான் ஆடுகிறேன். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் அஸ்தம்பட்டிக்கு யாரை வரச் சொல்வது?

இப்போது நானே விதி எழுதி ஆடுவது சேர்வராயன் மலைக் காட்டுப் பயணம். காலம் 1820கள். சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபியை அறிமுகப்படுத்திய காலம், இன்றைய 20 கொண்டை ஊசி வளைவுகள் இல்லாத காலம். ஆறு பேர் கொண்ட குழு மலையேறுகிறது: நில அளவைக்காரர், மலைக்கிராமத்து வழிகாட்டி, துப்பாக்கிக்காரர், சமையல்காரர், சுமை தூக்கும் இரண்டு பேர். ஆர்க்கிட், சுனை, கல்திட்டை என்று மூன்று கண்டுபிடிப்புகளைக் குறித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் கீழ் விளிம்பு வழியாக இறங்கிவிட வேண்டும். மொத்தம் 8 சுற்று.

மேசை 3 அடிக்கு 3 அடி, உருவங்கள் 28 மி.மீ. பாதையில் 6 அங்குலம் நடக்கலாம், புதரில் 3. மேசையில் ஒன்பது கேள்விக்குறி வில்லைகளைக் கவிழ்த்து வைக்கிறேன். மூன்று கண்டுபிடிப்பு, மூன்று ஆபத்து, மூன்று வெறுமை. ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டி 6 விழுந்தால் ஒரு நிகழ்வு.

பிரச்சினை இதுதான். பாதி ஆட்டத்துக்குள் மிச்சம் என்ன இருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிட முடிகிறது. நிகழ்வுகள் பல ஆட்டங்களில் வருவதே இல்லை. காட்டெருமை எப்போதும் பக்கத்தில் இருப்பவரை முட்டும் என்பது விதி, ஆகவே துப்பாக்கிக்காரரை முன்னால் விட்டால் வேலை முடிந்தது. புதருக்குள் போக ஒரு காரணமும் இல்லாததால் ஆறு பேரும் பாதையிலேயே வரிசையாக நடக்கிறார்கள்.

மஞ்சக்குட்டைப் பக்கம் மூடுபனியில் நடந்தவர்களுக்குத் தெரியும். பத்தடியில் இருக்கும் மரம் காணாமல் போகும், எங்கேயோ ஒரு கிளை முறியும், கால் தானாக நிற்கும். அந்த நிற்றல் என் மேசையில் வர வேண்டும். எதிரே ஆள் இல்லாமல் அதைக் கொண்டுவர முடியுமா?

கூடவே ஒரு சின்னச் சந்தேகம். ஏற்காட்டில் உறவினர் வீட்டுத் திண்ணையில் வைத்து மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்த உருவங்கள் வெள்ளை படிந்து நிற்கின்றன. காப்பாற்ற வழி உண்டா?

தறிச்சத்தம் எழுதியது:

முதலில் பகடைக் கணக்கு. 6 விழுந்தால்தான் நிகழ்வு என்றால், 8 சுற்றிலும் ஒன்றுகூட வராமல் போக 23 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒரே ஒரு நிகழ்வு வர 37 சதவீதம். ஆக, பத்து ஆட்டம் ஆடினால் ஆறில் காடு தூங்கிக்கொண்டுதான் இருக்கும். பகடைக்குப் பழசு நினைவில் இருக்காது, அதுதான் காரணம்.

சீட்டுக்கு நினைவு உண்டு. பழைய சீட்டுக்கட்டில் இருந்து 12 சீட்டு எடுங்கள். 4 படச்சீட்டு நிகழ்வு, 8 எண்சீட்டு அமைதி. குலுக்கி, சுற்றுக்கு ஒன்று இழுங்கள். 8 சீட்டு இழுக்கும்போது ஒரு நிகழ்வும் வராமல் போகும் வாய்ப்பு 495இல் ஒன்று. சராசரியாக இரண்டு முதல் மூன்று நிகழ்வு வரும். ஆரம்பத்தில் அமைதியாக ஓடினால் கடைசிச் சுற்றுகளில் அடி விழும் என்று உங்களுக்கே தெரியும். எப்போது என்று மட்டும் தெரியாது. பயம் அங்கேதான் இருக்கிறது.

வில்லைகளுக்கும் இதே வைத்தியம், ஆனால் திருப்பிப் போட்டு. ஒன்பது வைத்து ஒன்பதையும் புரட்டினால் எண்ணத்தான் செய்வீர்கள். மேசையில் இருக்கும் கேள்விக்குறிக்கு அடியில் எதுவும் எழுத வேண்டாம். ஒரு சுருக்குப் பையில் 20 புளியங்கொட்டை போடுங்கள், ஒரு பக்கம் தேய்த்து எழுதியது. கண்டுபிடிப்பு 5, ஆபத்து 6, தடயம் 5, வெறுமை 4. யாராவது கேள்விக்குறியைப் பார்த்த பிறகுதான் பைக்குள் கை போக வேண்டும். அதிகபட்சம் ஒன்பது எடுப்பீர்கள், பதினொன்று உள்ளேயே கிடக்கும், எண்ணி ஒரு பயனும் இல்லை. தனி ஆட்டத்தில் நான் விடாப்பிடியாக வைத்திருக்கும் விதி இது ஒன்றுதான்: பார்க்கும் கணத்துக்கு முன்னால் எதையும் முடிவு செய்து வைக்கக் கூடாது.

தடயம் என்றால் குளம்படி, ஈரச் சாணி, உரசிய மரப்பட்டை. அது வந்தால் ஒன்றும் நடக்காது, ஆனால் பைக்குள் ஓர் ஆபத்துக் கொட்டையைக் கூடுதலாகப் போட வேண்டும். தொடக்கத்தில் 20க்கு 6, அதாவது 30 சதவீதம். முதல் மூன்றும் தடயமாகவே வந்தால் 20க்கு 9, அதாவது 45. ஒன்றுமே நடக்காமல் நிலைமை முற்றிக்கொண்டே போகும்.

நாகலூர்க்காரன் எழுதியது:

காபித் தோட்டத்தில் வேலை செய்பவன். ஆட்டம் எனக்குப் புதிது, காட்டெருமை புதிதில்லை. அது நேராக வந்து முட்டும் என்ற விதியை முதலில் எடுத்துவிடுங்கள். மனித வாடை அடித்தால் பெரும்பாலும் தலையைத் தூக்கி அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு சீறல் சத்தம் வரும். அப்புறம் செடிகளை முறித்துக்கொண்டு ஓடிவிடும். பாய்வது எப்போது என்றால், வளைவில் திடீரென்று மிக அருகில் போய் நின்றால், தப்பிக்க வழி இல்லாவிட்டால், கூடக் கன்று இருந்தால். தனியாகத் திரியும் கிழக் காளையிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

நாங்கள் பயப்படுவது நின்று பார்க்கும் மாட்டுக்குத்தான். அது நகரும்வரை வழி கிடையாது. பறித்த பழத்தை எடை போடப்போகிற நேரமாக இருந்தாலும், மழை வருகிற நேரமாக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று, மாடுகளும் பாதையில்தான் நடக்கும். நமக்கு எது சுலபமோ அது அதற்கும் சுலபம். மழைக்காலமாக வைத்தால் அட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஆள் நின்று நின்று காலைப் பார்ப்பார், வேகம் போய்விடும்.

மேசையில் சில்வர் ஓக் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது ஆஸ்திரேலிய மரம், தோட்டத்து நிழலுக்காகவும் மிளகுக்கொடி ஏற்றவும் நட்டது. நீங்கள் சொல்லும் காலத்துக் காட்டில் அது நிற்காது.

மூன்று புலி எழுதியது:

தம்பி, நாகலூர்க்காரர் சொன்னதை அப்படியே விதியாக்கலாம். மாடு 12 அங்குலத்துக்கு அப்பால் இருந்தால் மேய்கிறது. 6 முதல் 12க்குள் என்றால் தலை தூக்கிப் பார்க்கிறது. 6க்குள் போனால் இரண்டு பகடை உருட்டுங்கள். 2 முதல் 4 வரை பாய்ச்சல், 5 முதல் 8 வரை அசையாமல் நிற்கும், 9க்கு மேல் ஓட்டம். பாய்ச்சலுக்கு ஆறில் ஒரு வாய்ப்புதான், பாதிக்கு மேல் அது வழியை மறித்து நிற்கும். கன்று இருந்தால் விழுந்த எண்ணில் 2 கழியுங்கள். பாய்ச்சல் 36க்கு 15 ஆகிவிடும். எட்டே சுற்றுதான் என்னும்போது நிற்கிற மாடு ஒவ்வொரு சுற்றாகத் தின்றுவிடும்.

யாரைப் பாயும் என்பதற்கு நான் ஆடு புலி ஆட்டத்தில் இருந்து எடுத்துக்கொள்வேன். மூன்று புலி பதினைந்து ஆட்டை வெட்டுகிற ஆட்டம். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகப் புலி ஆட்டை வெட்டிவிட முடியாது. ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால்தான் தாண்ட முடியும். அதனால் ஆடு வைப்பவன் கவனம் எல்லாம் தனித்து நிற்கும் ஆட்டின் மேல்தான். உங்கள் மேசையிலும் 3 அங்குலத்துக்குள் துணை இல்லாமல் நிற்கிறவர்தான் இலக்கு என்று வையுங்கள். அப்படி ஒருவரும் இல்லை, அல்லது பலர் இருக்கிறார்கள் என்றால் ஆறு பேருக்கு ஆறு எண் கொடுத்துப் பகடையிடம் விட்டுவிடுங்கள். துப்பாக்கிக்காரரைத் தனியாக முன்னால் அனுப்பினால் அவர்தான் முதல் இலக்கு.

1820களின் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லில் பற்றுவது. சுட்டபின் ஒரு முழுச் சுற்று மருந்து கெட்டிக்க வேண்டும். மூடுபனியில் மருந்து ஈரமாகும், ஆகவே 1, 2 விழுந்தால் வெடிக்காது. இதைச் சேர்த்தால் அவர் பலம் சரியான அளவுக்கு இறங்கும்.

சேலத்துப் பகடை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சுருக்குப் பை உடனே தயார், அம்மாவின் வெற்றிலைப் பையையே கேட்டு வாங்கிவிட்டேன். ஆனால் புதர் விஷயம் இன்னும் தீரவில்லை. பாதையில் 6, புதரில் 3 என்று இருக்கும்வரை பாதையை விட்டு யார் இறங்குவார்?

தறிச்சத்தம் எழுதியது:

வேகத்தோடு சத்தத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். மூன்று விதமாக நடக்கலாம். பாதையில் 6 அங்குலம், சத்தம் இல்லை, ஆனால் நாகலூர்க்காரர் சொன்னபடி பாதை மாடுகளுக்கும் சொந்தம். ஆகவே பாதையில் பார்க்கும் கேள்விக்குறிக்குப் பையில் இருந்து இரண்டு கொட்டை எடுத்து, மோசமானதை வைத்துக்கொள்ள வேண்டும். புதரில் மெதுவாக 3 அங்குலம், சத்தம் இல்லை, ஒரே கொட்டை. கொடுவாளால் வெட்டிக்கொண்டு புதரில் 6 அங்குலம், ஆனால் ஒரு சத்தக் காசு சேரும். துப்பாக்கி வெடித்தால் இரண்டு காசு.

சுற்று முடிவில் ஒரு பகடை. விழுந்த எண் காசுகளின் எண்ணிக்கைக்குள் இருந்தால், குழுவுக்கு மிக அருகில் இருக்கும் கேள்விக்குறி, இன்னொரு பகடையில் விழும் எண் எத்தனையோ அத்தனை அங்குலம் உங்களை நோக்கி நகரும். யாரும் வெட்டாத, சுடாத சுற்றில் ஒரு காசு கழியும்.

மூடுபனிக்கு, சுற்றுத் தொடக்கத்தில் இரண்டு பகடை உருட்டுங்கள். கூட்டுத்தொகை எத்தனையோ அத்தனை அங்குலம்தான் அந்தச் சுற்றில் கண்ணுக்குத் தெரியும். சராசரி 7. சில சுற்றில் 3 விழும், அப்போது பக்கத்தில் இருப்பதே தெரியாது.

கொலுப்படி எழுதியது:

வெள்ளை படிந்ததற்குக் காரணம் காற்றின் ஈரம். வார்னிஷ் காய்வதற்குள் நீராவி அதில் மாட்டிக்கொள்கிறது. ஏற்காட்டுப் பனியில் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். சேலத்தில் வெயில் ஏறிய பிறகு, நிழலில், 20 முதல் 25 செ.மீ. தள்ளி மெல்லிய பூச்சாக அடியுங்கள். இப்போது கெட்டிருப்பதன் மேல் பளபள வார்னிஷைத் தூரிகையால் பூசிக் காயவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஒரே ஒரு உருவத்தில் முதலில் பாருங்கள். தெளிந்தால் மேலே தூரிகையாலேயே மேட் பூசி முடிக்கலாம்.

காட்டெருமைக்கு வெளிநாட்டுப் பொம்மை தேட வேண்டாம். கொலு சமயத்தில் பூங்கா வைக்க விற்கும் பிளாஸ்டிக் எருமைகளில், தோள் உயரம் மனித உருவத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதைப் பொறுக்குங்கள். உடம்புக்குக் கரும்பழுப்பு, முழங்காலுக்குக் கீழே நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை மாதிரி பூச வேண்டும். அந்த வெள்ளை இருந்தால்தான் பார்த்ததும் காட்டெருமை என்று தெரியும். காட்டுத் தரைக்குக் காபி வடிகட்டிய சக்கை மிக நன்றாக இருக்கும், ஆனால் வெயிலில் மொறமொறவென்று காய்ந்த பிறகுதான் பசையோடு கலக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

சேலத்துப் பகடை எழுதியது:

நேற்று இரவு எல்லா விதிகளோடும் ஆடினேன். நாலாவது சுற்றில் மூடுபனி 4 அங்குலம். வழிகாட்டியும் ஒரு சுமைக்காரரும் பாதை வளைவில், மற்ற நால்வர் பின்னால் புதரில் வெட்டிக்கொண்டு வருகிறார்கள். சத்தக் காசு இரண்டு ஆகிவிட்டது. சுற்று முடிவில் 2 விழுந்தது, கேள்விக்குறி 5 அங்குலம் நகர்ந்து வளைவுக்கு வந்தது. பையில் கைவிட்டு இரண்டு கொட்டை எடுத்தேன். ஒன்று தடயம், இன்னொன்று கன்றோடு காட்டெருமை. பகடையில் 9 விழுந்தது. கன்று இல்லாமல் இருந்திருந்தால் ஓடியிருக்கும்! 2 கழித்து 7, அசையாமல் நின்றுவிட்டது.

சுமைக்காரரிடம்தான் ஆர்க்கிட் கூடை. பின்வாங்கினால் அவர் தனியாகிவிடுவார், அங்கேயே நின்றால் நேரம் போகும், மற்ற நால்வரையும் வரவழைத்தால் சத்தம். நாற்காலியில் இருந்து எழுந்து மேசையைச் சுற்றி நடந்து யோசித்தேன். எனக்கு வேண்டியது இதேதான். கடைசியில் இருவரும் புதருக்குள் 3 அங்குலம் மெதுவாக விலகினார்கள், மாடு பாதையிலேயே நின்றது. உருவங்களும் தெளிந்துவிட்டன, கொலுப்படிக்கு நன்றி.

ஒன்றே ஒன்று பாக்கி. எட்டாவது சுற்றில் இருட்டும் என்று முன்கூட்டியே தெரிவதால் ஏழாவது சுற்றில் எல்லாவற்றையும் சரியாகக் கணக்குப் போட்டு இறங்கிவிடுகிறேன். அதை எப்படி உடைப்பது?

மூன்று புலி எழுதியது:

மலையில் இருட்டு மணி பார்த்து வருவதில்லை தம்பி, மேகம் இறங்கினால் முன்னாலேயே வந்துவிடும். ஏழாவது சுற்று முடிவில் பகடை போடுங்கள், 1, 2 விழுந்தால் இருட்டிவிட்டது. எட்டாவது முடிவில் 1 முதல் 4 வரை விழுந்தால் இருட்டு. ஒன்பதுக்கு மேல் போகாது. ஏழில் முடிய மூன்றில் ஒரு வாய்ப்பு, எட்டில் முடிய ஒன்பதுக்கு நாலு, ஒன்பதாவது சுற்றுவரை போக ஒன்பதுக்கு இரண்டு. இருட்டும்போது மேசையில் இருப்பவர் உயிரோடு திரும்புவார், ஆனால் அவர் கையில் இருக்கும் கண்டுபிடிப்பு கணக்கில் சேராது. கூடையை யாரிடம் கொடுப்பது என்று முதல் சுற்றிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

சேலத்துப் பகடை எழுதியது:

சரி அண்ணா, இன்றைக்கே சேர்த்துவிடுகிறேன். கூடை இனி வழிகாட்டியிடம். எல்லா விதிகளையும் ஒரே பக்கத்தில் எழுதி இந்த வாரக் கடைசியில் இங்கேயே போடுகிறேன், யாருக்காவது பயன்படும்.