புதுப்பிப்பு: பத்மினி கார் ஸ்பீக்கர்ல வந்த கொய்ங் சத்தம் நின்னுடுச்சு

பழைய பத்மினில ப்ளூடூத் செட் மாட்டுனதுலேருந்து ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல கொய்ங்னு சத்தம் ஏறுதுன்னு கேட்டிருந்தேன்ல, சரியாயிடுச்சு, எல்லாருக்கும் நன்றி. செட்டோட எர்த் ஒயர (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற ஒயர்) டேஷ்போர்டு ஸ்க்ரூல குடுக்காம நேரா பேட்டரி மைனஸுக்கு இழுங்கன்னு ஒரு அண்ணன் சொன்னாரே, அதான் வேலை செஞ்சுது. கும்பகோணத்துல எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டு செட்டுக்கு எப்பவும் கரண்ட் குடுக்குற மஞ்சள் ஒயரையும் 10 ஆம்ப் ஃப்யூஸ் போட்டு பேட்டரிலேருந்தே எடுத்தாச்சு, செட்ட ஆன் பண்ற சிவப்பு ஒயர் மட்டும் சாவி ஸ்விட்ச்சுல. அந்த ஸ்க்ரூவ கழட்டிப் பாத்தா அடியில பூரா பெயிண்ட்டும் துருவும், அப்புறம் எர்த் எங்க கிடைக்கும்! சத்தத்தக் குறைக்கிற ஃபில்டர் வாங்கச் சொன்னவங்களுக்கு, அது தேவையே படல.

எதிர்பாக்காத ஒண்ணு, இது டைனமோ (பேட்டரிய சார்ஜ் பண்ற பழைய வகை ஜெனரேட்டர்) வண்டி, ஐடிலிங்ல, அதாவது வண்டி நின்னு இன்ஜின் மெதுவா ஓடுறப்ப, பேட்டரிக்கு சார்ஜ் ஏறாது, அதனால ராத்திரி பாபநாசம் பக்கம் ரயில்வே கேட்ல ஹெட்லைட் போட்டுக்கிட்டு நின்னா செட்டு தானா ஆஃப் ஆகுது. லைட்ட அணைச்சா பாடுது.