பவுலிங் போட்ட கை வலி: தண்டையார்பேட்டை தெரு வாட்ஸ்அப் குழு

மாடி வீட்டு அக்கா: கோச் தம்பி, பிசியோ கண்ணு, யாராவது இருக்கீங்களா? பெரியவனுக்கு கிரிக்கெட்ல பவுலிங் போட்டு வலது கை புடிச்சிக்கிச்சி. சட்ட மாட்டக்கூட கைய தூக்க மாட்டேங்கறான். 14 வயசு. ஞாயித்துக்கெழம டோர்னமெண்ட், ஆடியே தீருவேன்னு நிக்கிறான்

கோச் அண்ணன்: இருக்கேங்க்கா. ஞாயித்துக்கெழம வேணாம், அத இப்பவே சொல்லிடுங்க. அவன பக்கத்துல உக்கார வெச்சி கேளுங்க. வலி எங்க? தோள் முன்னாடியா, மேலயா, பின்னாடியா, முழங்கை உள்பக்கமா? பால வுடும்போதா, போட்டு முடிச்சி கை கீழ வரும்போதா?

மாடி வீட்டு அக்கா: தோளுக்கு மேல, வெளிப்பக்கமா. கை கீழ வரும்போதாம். பவுண்டரிலேருந்து த்ரோ அடிச்சா முழங்கை உள்பக்கமும் வலிக்குதுங்கறான்

பிசியோ அக்கா: அக்கா, ஒரு சின்ன சோதன. பக்கவாட்டுல கைய மெதுவா தூக்கச் சொல்லுங்க. இடுப்புலேருந்து கொஞ்சம் மேல போனதும் வலி ஆரம்பிச்சி, தோள் மட்டத்த தாண்டினதும் கொறைஞ்சா, தோள் கூரைக்கு, அதாவது தோள் மேல இருக்கற எலும்புக்கு அடியில தசைநார் உரசுதுன்னு அர்த்தம். தோள் மூட்ட சுத்தி 4 சின்ன தசை இருக்கு. பந்து கைய வுட்டு போனப்புறம் சுத்துற கைக்கு பிரேக் போடறது முக்கியமா அதுல பின்பக்கம் இருக்கற தசைங்க. போட்டு முடிச்சதும் வலிக்குதுன்னா அந்த பிரேக்குதான் களைச்சிருக்கு

மாடி வீட்டு அக்கா: நீ சொன்ன மாதிரியேதான்மா. நடுவுல வலிக்குது, மேல போனா சரியாவுது

பிசியோ அக்கா: தோள் அது. முழங்கை வேற கதை. 14 வயசுல முழங்கை உள்பக்க எலும்பு முனை இன்னும் முழுசா ஒட்டல, நடுவுல வளர்ற குருத்தெலும்பு இருக்கும். பெரியவங்களுக்கு நாரு கிழியற எடத்துல பசங்களுக்கு அந்த குருத்து இழுபடும். தோள் எலும்புலயும் அதே மாதிரி ஒரு வளர்ச்சித் தட்டு உண்டு. அதனால வளர்ற பையனோட வலிய "தசைப்பிடிப்பு, போயிடும்"னு விடக்கூடாது

கோச் அண்ணன்: முழங்கைக்கு நான் சொல்றேங்க்கா. கைய நீட்டி ஒழுங்கா பவுலிங் போட்டா முழங்கைக்கு அவ்ளோ பாரம் வராது. உள்பக்கம் வலிச்சா ரெண்டுல ஒண்ணு. த்ரோ ஜாஸ்தியா அடிக்கிறான், இல்ல மாங்கா அடிக்கிறான், அதாவது கைய மடக்கி எறியறான். ஐசிசி விதியில பால் போடும்போது மடங்கின முழங்கை 15 டிகிரிக்கு மேல நீளக்கூடாது. தெருவுல யார் பாக்கறா? டென்னிஸ் பால்ல வேகம் வரணும்னு மடக்கி வுட்டு எறியறான், அந்த இழுப்பு பூரா உள்பக்க நாருக்கு போவுது

பால்பூத் அத்தை: ஏம்மா, நல்லெண்ண காய்ச்சி நீவி வுட்டா சரியாவாது? புத்தூர் கட்டு போடற எடம் பக்கத்துலயே இருக்குதே

பிசியோ அக்கா: அத்தை, இப்ப நீவ வேணாம். முதல் 2, 3 நாள் உள்ள வீக்கம் இருக்கும், அழுத்தி நீவினா கூடும். சுளுக்கு எடுக்கறேன்னு வளர்ற பையன் கைய இழுத்து சொடக்கு எடுக்கவே கூடாது. குருத்து எலும்பு நகர்ந்திருந்தா அங்கயே முழுசா விலகிடும். எக்ஸ்ரே பாக்காம கட்டும் வேணாம்

பிசியோ அக்கா: இன்னிக்கி செய்யவேண்டியது ஐஸ். ஐஸ் துண்டுங்கள பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஈரத்துண்டுல சுத்தி தோள்ல 15 நிமிஷம், 3 மணி நேரத்துக்கு ஒரு தடவ. முழங்கை உள்பக்கம் 10 நிமிஷம் போதும், அங்க நரம்பு தோலுக்கு ரொம்ப கிட்ட ஓடுது, மரத்துப்போற வரைக்கும் வெக்காதீங்க. நேரா தோல் மேல ஐஸ் கூடாது. ராத்திரி அந்தப் பக்கம் சாஞ்சி படுக்க வேணாம். மல்லாந்து படுத்து முழங்கைக்கு அடியில ஒரு தலகாணி. தூளி கட்டி கைய தொங்கப்போட்டு அசையாம வெக்கவும் வேணாம், மூட்டு இறுகிடும். வலிக்காத அளவுக்கு சாதாரணமா ஆட்டட்டும்

மருந்துக்கடை அண்ணன்: மாத்திர பத்தி நான் சொல்றேன். வலி தாங்கலன்னா பாராசிட்டமால். 40 கிலோ பையனுக்கு 500 மி.கி. ஒண்ணு, 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4க்கு மேல கூடாது. டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் நீங்களா வாங்கி தராதீங்க. காய்ச்சல் சேந்திருந்தா கண்டிப்பா வேணாம், டெங்குவா இருந்தா ரத்தக்கசிவு ஆவும். வெயில்ல தண்ணி குடிக்காம ஆடிட்டு அந்த மாத்திர போட்டா கிட்னிக்கும் கெடுதல்

மருந்துக்கடை அண்ணன்: இன்னொண்ணு, மேட்சுக்கு முன்னாடி வலி ஊசி போட்டுக்கினு ஆடறது. செய்யவே கூடாது. வலி தெரியலன்னா காயம் போயிடாது, நிறுத்த வேண்டிய எடத்துல அவன் நிறுத்தமாட்டான், அவ்ளோதான். சூடு கெளப்பற தைலம் தடவிட்டு மேல வெந்நீர் பையும் வெக்காதீங்க, தோல் வெந்துடும்

கார்னர் வீட்டு மாமா: பையன் எவ்ளோ பால் போட்டான்னு யாராவது கேட்டீங்களா?

கோச் அண்ணன்: அதாங்க மாமா விஷயமே. அக்கா, போன ஞாயித்துக்கெழம எண்ணச் சொல்லுங்க

மாடி வீட்டு அக்கா: காலைல 3 மேட்ச், மேட்சுக்கு 2 ஓவராம். சாயங்காலம் நெட்ஸ் பிராக்டிஸ்ல ஒரு மணி நேரம். "6 ஓவர்தாம்மா"ங்கறான்

கோச் அண்ணன்: 6 ஓவர்னா 36 பால். நெட்ஸ்ல ஒரு மணி நேரம்னா சும்மா 60 வந்துடும். பீல்டிங்ல அடிச்ச த்ரோ ஒரு 40 வெச்சிக்கோங்க. அவன் தோளுக்கு அன்னிக்கி 130க்கு மேல, ஆனா கணக்குல 36. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வேகப்பந்து போடற பசங்களுக்கு வரம்பு வெச்சிருக்கு. 13 வயசு வரைக்கும் ஒரு ஸ்பெல்லுக்கு (நடுவுல ஓய்வு விடாம தொடர்ந்து போடறது) 5 ஓவர், நாளைக்கு 10. 14, 15 வயசுக்கு ஸ்பெல்லுக்கு 6, நாளைக்கு 12. அது முக்கியமா முதுகெலும்பு விரிசல தடுக்க போட்டது, கைக்கும் அதுவே காவல். 12 ஓவர்னா 72 பால், நெட்ஸையும் சேத்து எண்ணணும். த்ரோவ நான் தனியா ஒரு கோடு போட்டு எழுத சொல்வேன்

கோச் அண்ணன்: நம்ம தெருவுல ரெண்டு கேடு கூடவே இருக்கு. ஒண்ணு, ஓடி வர எடம் கெடையாது. 4 அடி வெச்சி நின்ன எடத்துலேருந்து வேகமா போடறான். காலும் இடுப்பும் தரவேண்டிய வேகத்த தோள் ஒண்டியா தருது. ரெண்டாவது, போட்டு முடிச்சதும் எதிர்ல பைக்கு, சுவரு, சட்டுனு நிக்கிறான். கை எதிர் தொடைய தாண்டி சுத்தி வந்து, இன்னும் 3, 4 அடி ஓடி நிக்கணும். அந்த தூரம் கெடைக்கலன்னா பிரேக் மொத்தமும் ஒரே நொடியில பின்தோள்ல விழுது

கார்னர் வீட்டு மாமா: டென்னிஸ் பால் லேசுதானே, அதுல எப்படி வலிக்கும்னு பசங்க கேக்கறாங்க

கோச் அண்ணன்: நல்ல கேள்வி மாமா. டென்னிஸ் பால் 56லேருந்து 59 கிராம், பெரியவங்க லெதர் பால் 156லேருந்து 163. லேசான பந்துன்னா கை இன்னும் வேகமா சுத்தும், பந்து எடுத்துக்கினு போற விசையும் கம்மி. மிச்சத்த கைதான் அடக்கணும். ஒரே வாரத்துல டென்னிஸ் பால்லேருந்து லெதர் பாலுக்கு தாவினா அது தனி பாரம். 13 வயசுக்குள்ள பசங்களுக்கு 133–144 கிராம்ல சின்ன லெதர் பால் இருக்கு. தம்பிங்களுக்கு பெரிய பந்து குடுக்காதீங்க

மாடி வீட்டு அக்கா: சரி தம்பி. டாக்டர்கிட்ட போணுமா வேணாமா? அத சொல்லுங்க

பிசியோ அக்கா: முழங்கை வலி இருக்கறதால போங்க அக்கா. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில எலும்பு ஓபிக்கு காலைலயே போயிடுங்க. ரெண்டு கையையும் எக்ஸ்ரே எடுப்பாங்க, பயப்படாதீங்க. வளர்ச்சித் தட்டு ஒரு பக்கம் அகண்டிருக்கான்னு இன்னொரு பக்கத்தோட வெச்சி பாத்தாதான் தெரியும். "எப்ப வலிக்குது, எத்தன பால், எத்தன த்ரோ"ன்னு சீட்டுல எழுதி எடுத்துட்டு போங்க, அங்க கூட்டத்துல ரெண்டு நிமிஷம்தான் கெடைக்கும்

பிசியோ அக்கா: நாளைக்குன்னு தள்ளாம உடனே போகவேண்டியது எதுன்னா, டக்குனு சத்தம் கேட்டு கை தூக்கவே வரல, தோள் வடிவம் மாறியிருக்கு, முழங்கை பாதியில சிக்கி நீள மாட்டேங்குது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போச்சு, மூட்டு சூடா வீங்கி காய்ச்சல். முழங்கை சிக்கறது உள்ள சின்ன எலும்புத் துண்டு மாட்டினதாலகூட இருக்கலாம். விரல் மரத்துப்போறது நீடிச்சா ஸ்டான்லியில கைக்குன்னே தனிப்பிரிவு இருக்கு

கார்னர் வீட்டு மாமா: எனக்கும் எடது தோள் பத்து நாளா இறுகிக்கினு இருக்கு. நான் ஸ்பின்தான் போடறேன்

பிசியோ அக்கா: மாமா, உங்க வயசுக்கு வேற கணக்கு. நடந்தா, படி ஏறினா எடது கை வலிக்குது, நெஞ்சு அழுத்துது, வேர்க்குதுன்னா பவுலிங்னு நெனைக்காம 108க்கு போன் பண்ணுங்க. அது இல்லன்னா, யாராவது உங்க கைய பிடிச்சி தூக்கினாலும் தோள் முழுசா போகலயான்னு பாருங்க. சுகர் இருக்கறவங்களுக்கு தோள் இறுகற நோய் அதிகம். சுகர் ஒருதடவ பாத்துடுங்க

கார்னர் வீட்டு மாமா: நெஞ்சு ஒண்ணும் இல்லம்மா. சுகர் இருக்கு, நாளைக்கே பாக்கறேன். ஸ்பின்னருக்கும் தோள் போகுமா?

கோச் அண்ணன்: போகும் மாமா. ஆஸ்திரேலியா ஸ்பின்னர் ஷேன் வார்னுக்கே 1998ல தோள் ஆபரேஷன் ஆச்சு. பந்த திருப்ப மணிக்கட்டு, முழங்கை, தோள் மூணும் முறுக்குதே

மாடி வீட்டு அக்கா: பயிற்சி ஏதாவது இருக்காம்மா? சும்மா ஓய்வுன்னா இவன் கேக்கமாட்டான்

பிசியோ அக்கா: இருக்கு, ஆனா டாக்டர் எக்ஸ்ரே பாத்து சரின்னு சொன்னப்புறம், சும்மா இருக்கும்போது வலி போனப்புறம். பேண்டு வாங்கவேணாம், பழைய சைக்கிள் டியூப் போதும். ஜன்னல் கம்பியில முழங்கை உயரத்துக்கு கட்டுங்க. துண்ட சுருட்டி முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல வெச்சி, முழங்கைய 90 டிகிரி மடக்கி, முன்கைய மட்டும் வெளிப்பக்கம் 2 எண்ணிக்கையில இழுத்து, 4 எண்ணிக்கையில திரும்ப விடணும். திரும்ப விடறதுதான் மருந்து, அதுதான் பிரேக் தசைக்கு வேலை. 12 தடவ, 2 சுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள். துண்டு கீழ விழுந்தா முழங்கை விலகுதுன்னு அர்த்தம். தோள் காத தொட போனா டியூப் ரொம்ப இறுக்கம், தளர்த்துங்க

பிசியோ அக்கா: அதே டியூப ரெண்டு கையாலயும் வயித்துப்பக்கம் இழுத்து பின்தோள் எலும்புங்கள சேக்கணும், 12 தடவ. சுவத்துல கை ஊனி தண்டால், கடைசியில சுவத்த இன்னும் கொஞ்சம் தள்ளி மேல்முதுகு லேசா வளையணும், 10 தடவ. வலிக்கிற கைய மார்புக்கு குறுக்க இழுத்து 30 விநாடி, 3 தடவ. வலிக்கு 10க்கு எவ்ளோ மார்க்குன்னு கேளுங்க. 3க்கு மேல சொன்னாலோ, மறுநாள் காலைல வலி இருந்தாலோ பாரத்த கொறைங்க

மாடி வீட்டு அக்கா: திரும்ப எப்ப பால் போடலாம்?

கோச் அண்ணன்: டாக்டர் சரின்னு சொல்லி, ரெண்டு கையும் ஒரே மாதிரி வலியில்லாம மேல போனப்புறம். மொதல் நாள் பாதி வேகத்துல 12 பால், அடுத்த நாள் லீவு, அப்புறம் 18, லீவு, 24. இப்படி 36 வரைக்கும் போய்ட்டு அப்புறம்தான் வேகம். எண்ணிக்கையும் வேகமும் ஒரே நாள்ல ஏறக்கூடாது. எங்கயாவது வலிச்சா முந்தின எண்ணிக்கைக்கு எறங்கணும். கடைசி 4 வாரமா சராசரி வாரத்துக்கு 100 பால்னா ஒரே வாரத்துல 200 போடறதுதான் ஆபத்தான எடம். பசங்க பரீட்ச லீவுல சும்மா இருந்துட்டு மே மாசம் தெனமும் ஆடறாங்க பாருங்க, அங்கதான் கை போவுது. அதிகமா போட்ட வாரம் வலிக்காது, 3, 4 வாரம் கழிச்சிகூட வரும்

கோச் அண்ணன்: அதுவரைக்கும் கீப்பர் பக்கத்துல ஸ்லிப்ல நிக்கட்டும், த்ரோ வேணாம், பால கீழ உருட்டி குடுக்கட்டும். முழங்கை வலி போறவரைக்கும் பேட்டிங்கும் வேணாம். டீம்ல எழுதறவன் வேணும், ஸ்கோர் புக்க இவன்கிட்ட குடுத்து எல்லா பவுலரோட பாலையும், நெட்ஸையும் சேத்து எழுத சொல்லுங்க

மாடி வீட்டு அக்கா: அழறான். ஆனா ஸ்கோர் எழுதறேன்னு ஒத்துக்கினான். ஓபி சீட்டு எத்தன மணிக்கு போனா கெடைக்கும்?

பால்பூத் அத்தை: 7 மணிக்கே போயிடு கண்ணு. பையனுக்கு இட்லி குடுத்து கூட்டிக்கினு போ, வரிசை பெரிசா இருக்கும். சின்னவன இங்க வுட்டுட்டு போ, நான் பாத்துக்கறேன்

பிசியோ அக்கா: தொளதொளன்னு முன்னாடி பட்டன் வெச்ச சட்ட போட்டு விடுங்க அக்கா, டி-சர்ட்ட கழட்டும்போதுதான் ரொம்ப வலிக்கும்