மறு: மறு: ஸ்வெல்லுக்கு என்ன சொல்? அட்லாண்டிக் கடக்கற கப்பல் பயணக் குறிப்புக்காக

எல்லாருக்கும் வணக்கம்,

தூரத்துப் புயல்ல கிளம்பி வர கடல் அலையை இங்கிலீஷ்ல ஸ்வெல்னு சொல்றாங்க, பயணக் குறிப்புல அதுக்குத் தமிழ்ல என்ன சொல் போடலாம்ங்கறதுதான் கேள்வி. இழை நீளமா போயிடுச்சு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதாம ஒரே மடல்ல பதில் போடறேன், கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

> ஸ்வெல்னா வீங்கறது, அப்போ வீங்கு + அலை, 'வீங்கலை'. நேரா இருக்கு, இதையே வச்சுக்கலாமே.

ஐயா, இதுல எனக்கு உடன்பாடு இல்ல. வீக்கம்னா நம்மளுக்கு கால் வீக்கம், பணவீக்கம் இதுதான் ஞாபகம் வரும். அதைவிட பெரிய குறை, அந்த அலை எப்படி வந்துச்சுன்னு இந்த சொல் ஒண்ணுமே சொல்லலை. எங்கயோ 2000 கிலோமீட்டருக்கு அப்பால ஒரு புயல் கடலை அடிச்சு அலை எழுப்புது, புயல் ஓய்ஞ்சும் போயிடுது, ஆனா அலை அங்கயே நிக்காம கிளம்பி வந்துக்கிட்டே இருக்கு, வர வழியில சின்னச்சின்ன அலையெல்லாம் அடங்கிப்போய் நீளமான அலைங்க மட்டும் மிஞ்சி, வரிசையா, வழுவழுன்னு, நுரையே இல்லாம வந்து சேருது. 14 செகண்ட் அலைன்னா, அதாவது ஒரு முகடு போய் அடுத்த முகடு வர 14 செகண்ட் ஆகற அலைன்னா, அதோட முகடு மணிக்கு 80 கிலோமீட்டர் கிட்ட ஓடும், ஆனா அலைக்கூட்டத்தோட சக்தி அதுல பாதி வேகத்துலதான் நகரும், அதனால அந்த 2000 கிலோமீட்டரைக் கடக்க ரெண்டு நாளுக்கு மேல ஆகும். நீங்க டெக்ல நிக்கும்போது காத்தே இருக்காது, வெயில் அடிக்கும், கப்பல் மட்டும் மெதுவா ஏறி இறங்கும். கடல் ஆய்வாளர் வால்ட்டர் மங்க்கோட குழு 1963ல அண்டார்டிகா பக்கத்துப் புயல்ல கிளம்பின அலையை பசிபிக் முழுக்க பின்தொடர்ந்து அலாஸ்கா வரைக்கும் அளந்தாங்க, அவ்வளவு தூரம் போகக்கூடிய சமாச்சாரம் இது.

அதனாலதான் நான் வரத்தலைன்னு சொல்றேன். குடகுல மழை பெய்யும், மேட்டூர்ல ஒரு சொட்டு விழுந்திருக்காது, ஆனா பேப்பர்ல அணைக்கு நீர்வரத்து அதிகரிப்புன்னு போடுவான், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. வரத்துங்கற சொல்லுக்குள்ளயே வேற எடத்துலேர்ந்து வருதுங்கறது இருக்கு. வரத்து + அலை = வரத்தலை, புணர்ச்சியும் சரியா இருக்கு. சேர்த்து எழுதினா சிலபேர் வர-தலைன்னு பிரிச்சுப் படிப்பாங்கன்னு அக்கா ஒருத்தர் சொன்னது நியாயமான கவலை, அகராதியில வரத்தலைன்னும் பயணக் குறிப்புல வரத்து அலைன்னு பிரிச்சும் போட்டுக்கலாம்.

> நெட்டலைன்னு வைக்கலாம், நெடு அலை. கேட்கவும் நல்லா இருக்கு.

நல்லாத்தான் இருக்கு, எனக்கும் முதல்ல பிடிச்சது. நெடுவலைன்னு புணர்ந்தா மீன் பிடிக்கற நெடிய வலை ஆயிடும்னுதான் நெட்டெழுத்து மாதிரி நெட்டலைன்னு ஆக்கியிருக்கீங்கன்னு புரியுது. ஆனா நீளம்ங்கறது இதோட விளைவுதான். பெரிய புயலுக்குள்ளயே நின்னாலும், பரந்த கடல்ல ரொம்ப நேரம் காத்து அடிச்சா, அங்கயே நீளமான அலை எழும்பும், அது ஸ்வெல் கிடையாது. தன்னை எழுப்பின காத்தை விட்டு வெளிய வந்த அலைதான் ஸ்வெல், அளவு எதுவா இருந்தாலும். அதோட ரேடியோ கேட்ட தலைமுறைக்கு சிற்றலை, மத்திய அலை வரிசையில நெட்டலையும் போய் உட்கார்ந்துக்கும்.

> கள்ளக்கடல்னு ஏற்கனவே ஒரு சொல் இருக்கே, கேரளாவுல, குமரி மாவட்டத்துல எல்லாம் சொல்றாங்க. மக்கள் சொல் இருக்கும்போது புதுசா எதுக்கு?

இது இந்த இழையிலேயே நல்ல கேள்வி தம்பி. கள்ளக்கடல் அருமையான சொல், ஹைதராபாத்ல இருக்கிற, கடல் எச்சரிக்கை குடுக்கற இன்காய்ஸ் நிறுவனமே எச்சரிக்கையில பயன்படுத்துது. தெற்கு இந்தியப் பெருங்கடல்ல எழும்பின அலை பல நாள் பயணம் பண்ணி வந்து, இங்க காத்து மழை எதுவும் இல்லாத நேரத்துல திருடன் மாதிரி கரையேறுது. 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில மருத்துவ மாணவர்கள் 5 பேர் போனது இதுலதான். அந்த சொல் உயிர் காக்கற சொல், அதோட பொருளை நாம இளக்கிடக் கூடாது. கள்ளக்கடல்ங்கறது கரையில நடக்கற நிகழ்ச்சி, நடுக்கடல்ல கப்பலுக்கு அடியில தினமும் போயிட்டிருக்கற சாதாரண ஸ்வெல்லுக்கு அதே பேரை வச்சா எச்சரிக்கையோட கூர் மழுங்கிடும். வரத்தலை கரையேறி ஊருக்குள்ள வந்தா கள்ளக்கடல், அப்படி ரெண்டையும் வச்சுக்கலாம்.

> எதுக்கு இவ்வளவு நுணுக்கம்? கடல் சீற்றம்னு எழுதினா பயணிக்குப் புரியாதா?

புரியாது, அங்கதான் விஷயமே இருக்கு. சவுத்தாம்ப்டன்லேர்ந்து நியூயார்க் போற பயணத்தையே எடுத்துக்குங்க, குவீன் மேரி 2 வழக்கமா 7 ராத்திரி எடுத்துக்குது. 2004ல ஓட ஆரம்பிச்ச கப்பல், 345 மீட்டர் நீளம். மத்த க்ரூஸ் கப்பல் மாதிரி இல்லாம அட்லாண்டிக்கை வருஷம் பூரா கடக்கணும்னே கட்டினது. இப்போ 4 மீட்டர் அலைன்னு முன்னறிவிப்பு இருக்குன்னு வைங்க, அது என்ன அலை, எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுங்கறதைப் பொறுத்து பயணியோட அன்னிக்கு நாளே மாறிடும்.

கணக்கு போட்டுப் பாருங்க. 10 செகண்ட் அலையோட நீளம் 156 மீட்டர், வேகம் செகண்டுக்கு 15.6 மீட்டர். கப்பல் 20 நாட் வேகத்துல, அதாவது செகண்டுக்கு 10.3 மீட்டர், அலைக்கு எதிரா போனா 6 செகண்டுக்கு ஒரு அலை மூக்குல மோதும். அதே அலை நேர் பின்னாடிலேர்ந்து வந்தா கப்பலைத் தாண்டிப் போக கிட்டத்தட்ட 30 செகண்ட் ஆகும். ஒரே கடல், ஒரே உயரம், ஒண்ணுல கிளாஸ் டேபிள்ல நகருது, இன்னொண்ணுல ஆட்டம் இருக்கறதே சட்டுனு தெரியாது. வட அட்லாண்டிக்ல பெரும்பாலும் மேற்கேர்ந்து அடிக்கற காத்து, அதனால நியூயார்க் நோக்கி மேற்கே போறவங்க அலையை எதிர்கொண்டு போறாங்க, கிழக்கே திரும்பி வரவங்களுக்கு அலை பின்னாடி வருது. டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி இதை யாராவது நம்ம மொழியில சொன்னா எவ்வளவு உதவியா இருக்கும்!

வரத்தலை 15 செகண்டா இருந்தா நீளம் 351 மீட்டர், கிட்டத்தட்ட அந்தக் கப்பலோட நீளமேதான். சின்ன அலைங்கன்னா ஒரே நேரத்துல ரெண்டு மூணு அலை மேல படிஞ்சு போற கப்பல், தன் நீளத்துக்கே சமமான அலையில மூக்கும் வாலுமா ஏறி இறங்க ஆரம்பிக்கும். கப்பலோட பக்கத்துல துடுப்பு மாதிரி நீட்டற ஸ்டெபிலைசர் இடவல ஆட்டத்தைத்தான் நல்லா குறைக்கும், இந்த முன்பின் ஆட்டத்துக்கு அதால பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. அதனாலதான் கப்பல் நடுவுல, கீழ் தளத்துல ரூம் எடுங்கன்னு சொல்றது. மூக்குப் பக்கம் மேல் தளத்துல காசு அதிகமா குடுத்து எடுத்தவங்களுக்குத்தான் ஆட்டம் ஜாஸ்தி.

பருவத்தையும் குறிப்புல சேர்க்கணும். டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வட அட்லாண்டிக் நடுவுல சராசரியே 4, 5 மீட்டர் இருக்கும், ஜூன் ஜூலைல சுமார் 2 மீட்டர். கோடையில அலை கம்மி, ஆனா நியூஃபவுண்ட்லாண்டுக்கு தெற்கே கிராண்ட் பாங்க்ஸ் பக்கம், லாப்ரடார் குளிர் நீரோட்டமும் கல்ஃப் ஸ்ட்ரீமும் சேர்ற எடத்துல பனிமூட்டம் போர்த்திக்கும், 2 நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது கப்பல் சங்கு ஊதிக்கிட்டே போகும், பழக்கமில்லாதவங்க பயந்துடுவாங்க. ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர்ல கரீபியனுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவுல கப்பலை இடம் மாத்தும்போது விக்கற மலிவு டிக்கெட் இருக்கே, அது பெரும்பாலும் தெற்கு வழி, அசோர்ஸ், மதீரா, கேனரி தீவுகள் பக்கமா. அங்கேர்ந்து மேற்கே போறப்போ வியாபாரக் காத்து, அதாவது கிழக்குப் பக்கத்துலேர்ந்து நிலையா அடிக்கற டிரேட் விண்ட், பின்னாடிலேர்ந்து தள்ளும், முதல் பயணத்துக்கு எங்க அப்பா அம்மா வயசுக்காரங்களுக்கு நான் அந்த வழியைத்தான் சொல்லுவேன். ஆனா ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் ஹரிக்கேன் பருவம், அதனால அக்டோபர் பயணம்னா வழி மாறலாம், நடுவுல ஒரு துறைமுகத்தை விட்டுட்டும் போகலாம், அதுக்கு மனசை தயாரா வச்சுக்கணும்.

இதையெல்லாம் எழுதறதுக்குத்தான் ரெண்டு அலைக்கும் ரெண்டு பேர் வேணும்னு நிக்கறேன். இன்னொண்ணு, அங்கயே அடிக்கற காத்துல எழும்பற அலை. காற்றலைன்னு போட்டா வானொலிக்காரங்க சண்டைக்கு வருவாங்க, ஒரு கால் கூடிப்போனா காற்றாலை ஆயிடும். காற்றடி அலைன்னு வைக்கலாம்னு தோணுது, காத்து அடிச்சு எழும்பினது, காத்து நின்னா அடங்கறது. குட்டையா, கூரா, உச்சியில வெள்ளை நுரையோட இருக்கும், பால்கனியிலேர்ந்து பார்த்தே வரத்தலையிலேர்ந்து பிரிச்சு சொல்லிடலாம். கடல் எப்படி இருக்குன்னு குறிக்கற டக்ளஸ் அளவுகோல்லயே இந்த ரெண்டையும் தனித்தனியாத்தான் குறிக்கறாங்க, நாம மட்டும் ஒரே சீற்றத்துக்குள்ள எல்லாத்தையும் போட்டு அடைச்சா எப்படி?

அப்புறம் அலை முன்னறிவிப்புல வர சிக்னிஃபிகன்ட் வேவ் ஹைட். குறிப்பிடத்தக்க அலை உயரம்னு எல்லா எடத்துலயும் எழுதி வச்சிருக்கோம், படிக்கறவங்க அதுதான் அதிகபட்ச உயரம்னு நினைச்சுக்கறாங்க. உண்மையில அலைகள்ல உயரமான மூணுல ஒரு பங்கை மட்டும் எடுத்து அதுக்குப் போடற சராசரி அது. தனி அலை ஒண்ணு ரெண்டு மடங்கு வரைக்கும் வரும்னு எதிர்பார்க்கணும், 4 மீட்டர்னு போட்டிருந்தா அன்னிக்கு எப்போவாவது 7, 8 மீட்டர் அலை வந்தா அதுல அதிசயம் எதுவும் இல்ல. 1995 ஜனவரி 1ல வட கடல்ல டிராப்னர் எரிவாயு மேடையில 25.6 மீட்டர் அலை பதிவாச்சு, அப்போ இந்த சராசரி 12 மீட்டர் கிட்ட, ரெண்டு மடங்கையும் தாண்டினதாலதான் அதை அசுர அலைன்னு தனியா பிரிச்சாங்க. ஆக நான் மேலலைச் சராசரின்னு முன்வைக்கறேன், மேல் பங்கு அலையோட சராசரின்னு சொல்லே சொல்லிடும். செகண்ட் கணக்குக்கு புதுசா எதுவும் வேணாம், பாடப்புத்தகத்துல இருக்கிற அலைவு நேரமே போதும்.

வாக்கியத்துல போட்டுப் பார்த்தாத்தான் சொல் நிக்குமான்னு தெரியும், அதனால ஒரு மாதிரி: "நாளை மேலலைச் சராசரி 3.5 மீட்டர். வடமேற்கிலிருந்து 13 செகண்ட் வரத்து அலை, அதன் மேல் தென்மேற்குக் காற்றடி அலை. மாலையில் இரண்டும் குறுக்கிடும், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து நடக்கவும்." எனக்கு இது தடங்கல் இல்லாம படிக்க வருது. உங்களுக்கு எங்க இடறுதுன்னு சொல்லுங்க.

கப்பலோட இடவல ஆட்டத்துக்கும் முன்பின் ஆட்டத்துக்கும் நான் இன்னும் சொல் முன்வைக்கலை, வேணும்னேதான் விட்டேன். கொண்டல், கச்சான், வாடை, சோழகம்னு காத்துக்கு திசைவாரியா பேர் வச்சிருக்கற நம்ம கடலோரத்துல, தோணி ஆடறதுக்கும் கட்டாயம் தனித்தனியா சொல் புழங்கும். தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் பக்கத்துல இருக்கறவங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுங்க, அது வந்தப்புறம் அந்தப் பகுதியை எழுதறேன்.

அன்புடன்