ஷிஃப்ட் கைமாற்றத்துக்குப் படிவம் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் பராமரிப்புக் குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர்களிடம் ஓர் உதவி.

பகல் குழுவுக்கும் இரவுக் குழுவுக்கும் வரும் சண்டை பெரும்பாலும் கைமாற்றத்தில்தான், அதாவது ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்ட்டிடம் வேலையை ஒப்படைக்கும்போதுதான், தொடங்குகிறது. வாட்ஸ்அப்பில் "பம்ப் முடிஞ்சது" என்று ஒரு வரி வரும். எது முடிந்தது? சீல் மாற்றியதா, போல்ட் முறுக்கியதா, ஓட்டிப் பார்த்ததா? இரவு ஆள் போய்ப் பார்த்தால், வேலை நடக்கும்போது யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடாமல் இருக்க மாட்டிய பூட்டு பிரேக்கரில் தொங்கும். அதிலுள்ள டேக்கில் பூட்டியவர் பெயர் இருக்கும், சாவி வைத்திருப்பவர் டார்மிட்டரிக்குப் போயிருப்பார்.

அதனால் இரண்டு குழுவும் மெஷின் பக்கத்திலேயே 15 நிமிடம் சேர்ந்து நிற்கும்படி ஏற்பாடு செய்கிறோம். பாதியில் நிற்பது எது, யார் பூட்டு எங்கே, அந்த வேலையைச் செய்ய வாங்கிய பெர்மிட் எத்தனை மணி வரை என்று கொடுப்பவர் சொல்ல, வாங்குபவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். தமிழ், வங்காளம், மாண்டரின் கலந்த குழுவில் இது ரொம்ப முக்கியம். புரியாதவரும் "ஓகே, ஓகே" என்றுதான் தலையாட்டுவார். தவறு செய்தவரை, வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது, தனியாகத்தான் பேச வேண்டும். ஆபத்து என்றால் மட்டும் அங்கேயே வேலையை நிறுத்தலாம்.

தமிழிலும் வங்காளத்திலும் ஒரே பக்கத்தில் அடங்கும் கைமாற்றப் படிவம் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். அந்த 15 நிமிடத்தை ஓவர்டைமில் எப்படி எழுதுகிறீர்கள்? மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாத உடலுழைப்பு ஊழியருக்கு ஓவர்டைமுக்கு 1.5 மடங்கு கொடுத்தாக வேண்டும். அதை விட்டுவிட்டால் யாரும் மனதார நிற்க மாட்டார்கள்.