"பம்ப் சரி செய்யப்பட்டது" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்ட் என்ன செய்யும்?

பராமரிப்பு, கடலூர்:
கல்லூரியில் வரைபடம் போடச் சொல்லித் தருகிறார்கள். அடுத்த ஷிஃப்டுக்கு நாலு வரி எழுதச் சொல்லித் தருவதில்லை. கடலூர், நெய்வேலி, புதுச்சேரி பக்கம் வேலை பார்ப்பவர்கள், எழுத்து எங்கே கைவிடுகிறது, எப்படி எழுதினால் நிற்கிறது என்று சொல்லுங்கள். நான் ஷிஃப்ட் நோட்டிலிருந்து தொடங்குகிறேன்.

"பம்ப் சரி செய்யப்பட்டது" என்ற வரியில் எந்தப் பம்ப், என்ன மாற்றினார்கள், இப்போது ஓட்டலாமா என்ற மூன்றுமே இல்லை. இப்படி இருந்தால் போதும்: "22.10 மணி. பம்ப் பி-204 ஏ. மெக்கானிக்கல் சீலில் கசிவு, சீல் மாற்றியாச்சு. கப்ளிங் அலைன்மென்ட் பார்க்கவில்லை. சக்ஷன், டிஸ்சார்ஜ் வால்வுகள் மூடியிருக்கின்றன, பூட்டும் டேகும் போட்டிருக்கிறது. பர்மிட் முடிக்கவில்லை. ஓட்டக் கூடாது." (அலைன்மென்ட் என்றால் பம்பும் மோட்டாரும் நேர்கோட்டில் இருப்பது; சக்ஷன் உள்வரும் பக்கம், டிஸ்சார்ஜ் வெளியேறும் பக்கம்; டேக் என்றால் ஓட்டாதே என்ற எச்சரிக்கை அட்டை; பர்மிட் என்றால் வேலைக்கான எழுத்து அனுமதி.) ஒரு நிமிட வேலை. முடிந்த வேலையை எல்லோரும் எழுதிவிடுவார்கள். முடியாததை எழுதுவதில்தான் உயிர் இருக்கிறது.

ஆபரேஷன், நெய்வேலி:
சார் சொன்ன கடைசி வரிக்கு உலகம் அறிந்த சாட்சி பைப்பர் ஆல்ஃபா. வடகடல் எண்ணெய் மேடை, 1988 ஜூலை 6. ஒரு கண்டென்சேட் (வாயுவிலிருந்து பிரியும் திரவ எரிபொருள்) பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றி, குழாய் வாயை வெறும் தகடு வைத்து மூடியிருந்தார்கள். பம்பின் பராமரிப்புக்கு ஒரு பர்மிட், வால்வுக்கு வேறொரு பர்மிட். ஒன்றைப் பற்றி மற்றொன்றில் குறிப்பில்லை. ஷிஃப்ட் மாறும்போது வால்வு இல்லை என்ற செய்தி கைமாறவில்லை. இரவு இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்ட முனைந்தார்கள். தகட்டு இணைப்பில் வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

அதனால் ஒரே கருவியில் இரண்டு பர்மிட் இருந்தால், ஒன்றின் எண்ணை மற்றொன்றில் எழுதியே ஆக வேண்டும். பம்ப் ஓரிடம், வால்வு கண்ணுக்குத் தெரியாத வேறு இடம் என்றால், பம்பின் ஸ்டார்ட் பட்டன் பக்கத்திலும் ஒரு டேக் தொங்க வேண்டும். ஓட்டப் போகிறவர் பார்க்கும் இடம் அதுதானே.

இன்ஸ்ட்ருமென்ட், கடலூர்:
அளவை எழுதும்போது அலகை விடாதீர்கள். பழைய பிரஷர் கேஜ்கள் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்) காட்டும், புதியவை கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ) காட்டும். ஒரு கிலோ என்பது சுமார் 14.2 பி.எஸ்.ஐ. "பிரஷர் 100" என்று மட்டும் எழுதினால் அது 7 கிலோவா, 100 கிலோவா? படிப்பவர் தன் பக்கத்துக் கேஜை வைத்துத்தான் புரிந்துகொள்வார். எந்தக் கேஜில் பார்த்தது என்று டேக் எண்ணும் (கருவியின் அடையாள எண்) சேரட்டும்.

சிவில், புதுச்சேரி:
எங்கள் துறையில் ஷிஃப்ட் நோட்டைவிட ஆபத்தானது ஸ்பெசிஃபிகேஷன், அதாவது வேலை எப்படி இருக்க வேண்டும் என்ற எழுத்து விவரம். "கம்பிக்குப் போதிய கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) விட வேண்டும்" என்று எழுதினால், சைட்டில் கையில் கிடைக்கும் 25 மி.மீ. கவர் பிளாக்தான் உட்காரும். கடற்கரைச் சூழலை ஐ.எஸ். 456:2000 என்ற இந்தியக் கான்கிரீட் கோடு 'சிவியர்' (கடுமையான) வகையில் வைக்கிறது. அங்கே ஆர்.சி.சி.க்கு (கம்பி போட்ட கான்கிரீட்) குறைந்தபட்சம் எம்-30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட், கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்குள், கவர் 45 மி.மீ. நேராகக் கடல்நீர்ச் சாரல் படும் பரப்பு என்றால் அதற்கும் மேலே 'வெரி சிவியர்': எம்-35, 50 மி.மீ.

எண்ணை எழுதிவிட்டாலும் பாதிதான். கவர் எதிலிருந்து என்று சொல்ல வேண்டும். கோடின்படி அது வெளியே இருக்கும் கம்பியிலிருந்து, அதாவது ஸ்டிரப்பின் (மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) வெளி விளிம்பிலிருந்து. இதைச் சொல்லாவிட்டால் கம்பி கட்டுபவர் மெயின் கம்பியிலிருந்து 45 எடுப்பார். 8 மி.மீ. ஸ்டிரப் போனால் மிச்சம் 37. உப்பு முதலில் தொடுவது அந்த ஸ்டிரப்பைத்தான். கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கான்கிரீட் பெயர்ந்து விழும். ஆக வரைபடத்தில் "ஸ்டிரப்பின் வெளி விளிம்பிலிருந்து 45 மி.மீ." என்று குறுக்குவெட்டுப் படத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பொதுக் குறிப்புப் பக்கத்தில் போட்டால் சைட்டில் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

மின் விநியோகம், கடலூர்:
2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அப்படி ஒரு காற்றுக்குப் பிறகு சேத அறிக்கைதான் பொருளையும் ஆளையும் கொண்டுவரும். "பல கம்பங்கள் சேதம்" என்பதை வைத்து ஸ்டோரிலிருந்து ஒரு கம்பம்கூட எடுக்க முடியாது. ஃபீடர் (மின்பாதை) பெயர், எந்தக் கம்ப எண்ணிலிருந்து எது வரை, முறிந்தவை எத்தனை, சாய்ந்தவை எத்தனை. இந்த இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தராதீர்கள். சாய்ந்ததை நிமிர்த்த ஆளும் கயிறும் வேண்டும். முறிந்ததற்குப் புதுக் கம்பமும் அதை ஏற்றிவர வண்டியும் வேண்டும். எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது என்ற ஒரு வரியும் அவசியம். வண்டி பாதி வழியில் நின்றால் ஒரு நாள் போச்சு.

புதிதாகச் சேர்ந்தவர், புதுச்சேரி:
தமிழிலா, இங்கிலீஷிலா? அப்புறம், நோட்டில் தப்பாக எழுதிவிட்டால்?

பராமரிப்பு, கடலூர்:
தம்பி, வாசிப்பவர் யாரோ அவர் மொழியில். ஆபரேட்டருக்கான எச்சரிக்கை தமிழில் இருக்கட்டும். டேக் எண் மட்டும் கருவியின் பலகையில் உள்ளபடி, ஓர் எழுத்தும் மாறாமல். மேலதிகாரிக்கு மெயில் என்றால் முதல் வரியில் என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று சொல்லிவிடுங்கள், காரணம் அதற்குக் கீழே. தப்பாக எழுதினால் வொயிட்னர் வேண்டாம், தாளையும் கிழிக்க வேண்டாம். பழையது படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் நேரமும் போடுங்கள். அடுத்த ஷிஃப்ட் ஏற்கெனவே அந்தப் பழைய எண்ணைப் படித்திருந்தால், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.